நான்கு இயக்கங்களின் கூட்டணியைப் படிக்கப் போய்: பிரிக்ஃபீல்ட்ஸ் வாசிப்பு வட்டம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் கூடும் சிறிய தமிழ் வாசிப்பு வட்டம் ஒன்று, இலங்கையின் நான்கு தமிழ்ப் போராளி இயக்கங்கள் சேர்ந்து 1984 முதல் 1986 வரை இருந்த கூட்டணியான ஈழத் தேசிய விடுதலை முன்னணியைப் பற்றி மூன்று அமர்வுகள் நடத்தத் திட்டமிட்டது. இரண்டாவது அமர்வு பாதியிலேயே நின்றுபோனது. அது ஏன் நின்றது, பிறகு என்ன முடிவெடுத்தோம், என்ன விளைந்தது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். இதேபோன்ற பொருளை எடுக்க நினைக்கும் மற்ற வட்டங்களுக்குப் பயன்படும்.

பங்கெடுத்தவர்களை யாரும் அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை விட்டிருக்கிறேன். வட்டத்தின் குறிப்பேட்டை எழுதுவது என் பொறுப்பு. அமர்வுகளை நடத்தியவர் ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியை. கீழே ‘ஆசிரியை’ என்று வருவதெல்லாம் அவர்தான்.

பின்னணி

வட்டத்தில் அதுவரை படித்தவை பெரும்பாலும் நாவல்களும் தோட்டப்புற வரலாறும்தான். உள்நாட்டுப் போர்களில் உருவாகும் கூட்டணிகள் ஏன் சீக்கிரம் உடைகின்றன என்று ஒரு தொடர் செய்யலாம் என்ற யோசனையை ஆசிரியை முன்வைத்தார். சிரியாவா, ஆப்கானிஸ்தானா என்று பேச்சு போனது. கடைசியில், தமிழில் நேரடியாகப் படிக்கவும் பேசவும் ஆள் இருக்கும் ஒரு கூட்டணியையே எடுப்போம் என்று முடிவானது.

அந்தக் கூட்டணியின் கதை சுருக்கமாக இது. 1983 ஜூலை வன்முறைக்குப் பிறகு ஈழ இயக்கங்களில் ஆள் சேர்வது பல மடங்கு கூடியது. இந்திய உளவு அமைப்பான ரா, இயக்கங்களுக்கு இந்திய மண்ணில் ஆயுதப் பயிற்சி கொடுத்தது. 1984 ஏப்ரலில் டெலோ, ஈபிஆர்எல்எஃப், ஈரோஸ் என்ற மூன்று இயக்கங்கள் சேர்ந்து முன்னணியை அமைத்தன. ஓர் ஆண்டு கழித்து, 1985 ஏப்ரலில், விடுதலைப் புலிகளும் சேர்ந்தார்கள். உமா மகேஸ்வரனின் ப்ளொட் என்ற இயக்கம் வெளியே நின்றது. அவருக்கும் பிரபாகரனுக்கும் இருந்த பகை 1982 மே மாதம் சென்னை பாண்டி பஜாரில் துப்பாக்கிச் சூடு வரை போயிருந்தது. அந்த நிலையில் ஒரே அறையில் அவர்களை உட்கார வைப்பது லேசான காரியம் இல்லை.

1985 ஜூன் மாதம் போர்நிறுத்தம். ஜூலையிலும் ஆகஸ்டிலும் பூட்டானின் திம்புவில் பேச்சுவார்த்தை. முன்னணியின் நான்கு இயக்கங்களோடு ப்ளொட்டும் தமிழர் விடுதலைக் கூட்டணி என்ற அரசியல் கட்சியும் சேர்ந்து ஒரே குரலில் நான்கு கோட்பாடுகளை வைத்தன: தமிழர் ஒரு தேசிய இனம், அவர்களுக்கு ஒரு தாயகம் உண்டு, சுயநிர்ணய உரிமை உண்டு, இலங்கையில் வாழும் எல்லாத் தமிழருக்கும் குடியுரிமை வேண்டும். ஆகஸ்டில் வவுனியாவில் பொதுமக்கள் கொல்லப்பட்ட செய்தி வந்ததும் தமிழ்த் தரப்பு வெளிநடப்புச் செய்தது.

அதன் பிறகு எல்லாம் சரிவுதான். 1986 தொடக்கத்தில் புலிகள் விலகினார்கள். ஏப்ரல் 29 அன்று டெலோ மீது தாக்குதல் தொடங்கினார்கள். மே முதல் வாரத்தில் டெலோ தலைவர் ஸ்ரீ சபாரத்தினம் கொல்லப்பட்டார். டிசம்பரில் ஈபிஆர்எல்எஃப்பின் முறை வந்தது. நான்கும் சேர்ந்து இருந்த காலம் ஏறத்தாழ பத்து மாதம்.

அறையில் இருந்தவர்கள்

இந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்தப் பகுதிதான். பிரிக்ஃபீல்ட்ஸில் தமிழர் என்றால் ஒரே மாதிரியானவர்கள் இல்லை. ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் கிராணிகளாக, அதாவது எழுத்தர்களாக, வேலை செய்ய யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் உண்டு. ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயில் அந்தச் சமூகம் எழுப்பியது. ரப்பர் தோட்டங்களிலிருந்து நகரத்துக்கு வந்த, தமிழ்நாட்டு வேர் கொண்ட குடும்பங்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். அப்புறம், போர் துரத்திவிட்டு வந்து, ஐ.நா. அகதிகள் அமைப்பான யு.என்.எச்.சி.ஆர். தரும் அட்டையோடு வாழும் ஈழத் தமிழர்கள்.

எங்கள் அமர்வுக்கு இந்த மூன்று பிரிவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். நான்கு பேரைக் குறிப்பிட வேண்டும்.

ஒருவர் ஓய்வு பெற்ற அரசு அதிகாரி, எண்பதை நெருங்குபவர், மூன்றாம் தலைமுறை மலேசிய யாழ்ப்பாணத் தமிழர். எண்பதுகளில் இங்கே வசூலான நன்கொடைகளில் அவருக்கும் பங்கு உண்டு. எந்த இயக்கத்துக்குப் போகிறது என்று அப்போது அதிகம் விசாரித்ததில்லை என்று அவரே சொன்னார். “பொடியள் எல்லாரும் ஒண்டுதான் எண்டு நினைச்சம்.”

இன்னொருவர் ஐம்பதைத் தாண்டியவர், அகதி அட்டை வைத்திருப்பவர். பதினாறு வயதில் முன்னணியின் ஓர் உறுப்பு இயக்கத்தில் சேர்ந்தவர். எது என்று முதலில் அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மூன்றாமவர் கோலாலம்பூரின் செந்தூல் பகுதியைச் சேர்ந்த இளைஞர், தோட்டக் குடும்பத்தின் வாரிசு. நிறைய வாசித்தவர். ஆனால் 2009க்குப் பிறகு வெளிவந்தவற்றையே அதிகம் வாசித்திருந்தார். அவருக்கு ஈழப் போராட்டம் என்றாலே புலிகள்தான்.

நான்காமவர் 1986இல் யாழ்ப்பாணத்தில் பள்ளி மாணவியாக இருந்த பெண்மணி. இப்போது மலேசியர் ஒருவரை மணந்து இங்கே குடியிருக்கிறார்.

சட்டம் பற்றிய எச்சரிக்கை

தொடருக்கு முன்பே ஒரு வழக்கறிஞரிடம் ஆலோசனை கேட்டோம். விடுதலைப் புலிகள் இயக்கத்தை மலேசியா 2014இல் பயங்கரவாத அமைப்பாகப் பட்டியலிட்டது. 2019 அக்டோபரில் அந்த இயக்கத்தோடு தொடர்பு என்ற பேரில், இரண்டு சட்டமன்ற உறுப்பினர்கள் உட்பட 12 பேர் சொஸ்மா என்ற பாதுகாப்புக் குற்றங்கள் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார்கள். குற்றவியல் சட்டத்தின் 130ஜே, 130ஜேபி பிரிவுகளில் வழக்குகள் வந்தன. முதலாவது ஆதரவு தருவதைப் பற்றியது, இரண்டாவது அமைப்போடு தொடர்புடைய பொருட்களை வைத்திருப்பதைப் பற்றியது. 2020 பிப்ரவரியில் தலைமைச் சட்ட அதிகாரி எல்லா வழக்குகளையும் கைவிட்டார். ஆனாலும் அந்த மாதங்களை எங்கள் பகுதியில் யாரும் மறக்கவில்லை.

வழக்கறிஞர் சொன்னது சுருக்கமானது: வரலாறு படிப்பது குற்றமில்லை, ஆனால் கொடி, தலைவர் படம், அஞ்சலிச் சுவரொட்டி, இயக்கப் பாடல் எதுவும் அறைக்குள்ளும் கைப்பேசியிலும் வேண்டாம். அகதி அட்டை வைத்திருப்பவர்களுக்குக் கூடுதல் ஆபத்து என்றும் சொன்னார். மலேசியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. ஆகவே அந்த அட்டைக்கு இங்கே சட்டப்படி குடியிருக்கும் உரிமை எதுவும் இல்லை. போலீஸ் நிலையத்தில் ஓர் இரவு கழிப்பதுகூட அவர்களுக்கு வேறு மாதிரி முடியலாம்.

இதை எழுத்தில் வாங்கி, வந்தவர்கள் எல்லாருக்கும் படித்துக் காட்டினோம். படம், கொடி பற்றி எல்லாரும் கவனமாகவே இருந்தார்கள். ஒலிப்பதிவு பற்றி அந்தத் தாளில் ஒரு வரியும் இல்லை. சிக்கல் அங்கிருந்துதான் வந்தது.

முதல் அமர்வு

திம்பு வரையிலான காலம். அமைதியாகப் போனது. எதிர்பார்த்ததை விட நல்ல பேச்சு திம்புவின் நான்காவது கோட்பாட்டைப் பற்றி நடந்தது. எல்லாத் தமிழருக்கும் குடியுரிமை என்பது இலங்கைத் தோட்டங்களில் வாழும் மலையகத் தமிழரைக் குறிக்கிறது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் அவர்களை இரண்டு நாடுகளுக்குப் பங்கு போட்டது. தோட்டக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் அங்கே பிடித்துக்கொண்டார்கள். மலேசியாவில் நிரந்தரவாசிக்கான சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்ந்து, குடிமகனுக்கான நீல அட்டை கிடைக்காமலேயே செத்துப்போன தாத்தாவையோ பாட்டியையோ கண்டவர்கள் அவர்களில் பலர். செந்தூல் இளைஞருக்கு, ஈரோஸ் என்ற இயக்கம் மலையக மக்களைத் தன் அரசியலின் மையத்தில் வைத்திருந்தது என்பது புதிய செய்தி. 1975இல் லண்டனில் தொடங்கிய இயக்கம் அது என்பதும் அவருக்குத் தெரியாது. அன்று அவர்தான் அதிகம் கேள்வி கேட்டார்.

எல்லாரும் ஒன்றாக இருந்த காலத்தைப் பேசினோம், எல்லாரும் ஒன்றாகவே பேசினோம். அடுத்த அமர்வும் இப்படியே போகும் என்று அந்த அறையில் யாராவது நினைத்திருந்தால் அது இயல்புதான்.

இரண்டாம் அமர்வு நின்ற விதம்

1985 செப்டம்பரிலிருந்து 1986 மே வரையிலான காலத்தை இளைஞர் தொகுத்துப் பேசுவதாக ஏற்பாடு. முன்னாள் எம்.பி.க்கள் தர்மலிங்கமும் ஆலாலசுந்தரமும் 1985 செப்டம்பரில் கடத்திக் கொல்லப்பட்டதைச் சொன்னார். அந்தப் பழி டெலோ மீது விழுந்ததைச் சொன்னார். 1986 தொடக்க மாதங்களில் டெலோவுக்குள்ளேயே இரண்டு பிரிவுகள் மோதிக்கொண்டு, ஒரு தளபதி யாழ்ப்பாண மருத்துவமனையில் கொல்லப்பட்டதைச் சொன்னார். இதெல்லாம் சரியான தகவல்கள்தான். பிறகு, “டெலோ இந்தியாவின் கைக்கூலி. ஆகவே ஏப்ரலில் நடந்தது தவிர்க்க முடியாத நடவடிக்கை” என்று முடித்தார்.

அகதி அட்டைக்காரர் அதுவரை பேசாதவர், அப்போது பேசினார். குரலை உயர்த்தவில்லை. “தம்பி, அந்த ட்ரெயினிங் எங்களுக்கு மட்டும் குடுக்கேல்ல. நாலு பேருக்கும் ஒரே நாடுதான் குடுத்தது. அப்ப நாலு பேரும் கைக்கூலியோ?”

தான் டெலோவில் இருந்ததை அவர் அப்படித்தான் அறைக்குச் சொன்னார்.

இளைஞர் தன் குறிப்புகளிலிருந்து பதில் சொல்லத் தொடங்கினார். யாழ்ப்பாணத்துப் பெண்மணி இடையில் புகுந்து, தான் பள்ளிக்குப் போகும் வழியில் சந்தியில் உடல்கள் எரிந்ததைச் சொன்னார். அதே வாரம் கடைக்காரர்கள் புலிகளுக்குச் சோடா கொடுத்ததையும் தான் பார்த்ததாகச் சொன்னார். “ரெண்டும்தான் நடந்தது. ஒண்டை மட்டும் சொல்லாதேங்கோ” என்றார். ஓய்வு பெற்ற அதிகாரி, இறந்தவர்களின் எண்ணிக்கை எவ்வளவு என்று கேட்டார். ஆளுக்கொரு எண் வந்தது. நூல்களிலும் அப்படித்தான், நூற்றுக்கணக்கில் என்பதைத் தாண்டி இரண்டு நூல்கள் ஒத்துப்போவது அரிது. எண்ணை வைத்துச் சண்டை தொடங்கியது.

அந்த நேரத்தில்தான் பின்வரிசையில் ஒருவர் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்துகொண்டிருப்பதை யாரோ கவனித்தார்கள். அவர் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. வர முடியாத நண்பருக்குக் கேட்கக் கொடுக்க நினைத்ததாகச் சொன்னார். அதற்குள் அட்டைக்காரர் எழுந்துவிட்டார். அவரோடு வந்திருந்த, அகதி அட்டை வைத்திருந்த இன்னொருவரும் எழுந்தார். ஒரு தடை செய்யப்பட்ட இயக்கத்தையும் இன்னொரு இயக்கத்தையும் பற்றி, தன் பழைய உறுப்பினர் நிலையைத் தானே ஒப்புக்கொண்ட ஒரு குரல், யாரோ ஒருவரின் கைப்பேசியில் இருக்கிறது. அவருக்கு அந்தக் கணத்தில் வரலாறும் வாதமும் இரண்டாம் பட்சம்.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணமும்

ஆசிரியை அமர்வை அங்கேயே நிறுத்தினார். தொடர்ந்து பேசி முடித்துவிடலாம் என்று இரண்டு பேர் வற்புறுத்தினார்கள். அவர் மறுத்தார். வெளியேற நினைப்பவர்கள் கதவருகில் நிற்கும்போது மற்றவர்கள் வாதத்தைத் தொடர்ந்தால், அந்த அறை யாருடையது என்பதை நாமே சொன்ன மாதிரி ஆகிவிடும் என்பது அவர் கருத்து. இந்த முடிவு சரி என்றே நினைக்கிறேன்.

முதலில் ஒலிப்பதிவு. பதிவு செய்தவர் எல்லார் முன்னிலையிலும் கோப்பை அழித்தார். பிறகு குப்பைத் தொட்டியிலிருந்தும் மேகச் சேமிப்பிலிருந்தும் அழித்துக் காட்டினார். அட்டைக்காரர் அதைத் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் போனார்.

அப்புறம் மூன்றாம் அமர்வை எப்படி நடத்துவது. கைவிடலாம் என்ற யோசனை வந்தது. 1985இலேயே நிறுத்திக்கொள்ளலாம் என்ற யோசனையும் வந்தது. உடைந்த கூட்டணியைப் படிக்க வந்தவர்கள் உடைவை விட்டுவிட்டுப் படிப்பதில் அர்த்தமில்லை என்பதால் இரண்டையும் ஏற்கவில்லை. பதிலாக ஆசிரியை இரண்டு மாற்றங்களைக் கொண்டுவந்தார்.

ஒன்று, சுவரில் ஒட்டிய பெரிய தாளில் பக்கம் பக்கமாக மூன்று பத்திகள் (நெடுவரிசைகள்). முதல் பத்தியில் எதிரெதிர்த் தரப்பினர் எழுதியவற்றிலும் ஒன்றுபோல வரும் செய்திகள் மட்டும். இரண்டாவதில் ஒரு தரப்பு மட்டும் சொல்வது, எந்தத் தரப்பு என்ற குறிப்போடு. மூன்றாவதில் அறையில் இருப்பவர் தான் கண்டதாகச் சொல்வது. எந்தச் செய்தி எந்தப் பத்திக்குப் போகும் என்பதை மட்டுமே முதல் பாதியில் பேசலாம். ‘ஏன்’ என்ற கேள்வி இரண்டாம் பாதியில்தான்.

மற்றது எனக்கு மிகவும் பிடித்தது. யார் துரோகி, யார் தியாகி என்று கேட்பதை ஒத்திவைத்து, கூட்டணியின் அமைப்பைப் பற்றி நான்கு கேள்விகள் கேட்பது. ஆயுதம் யார் கையில்? பணம் யார் வழியாக வருகிறது? ஆள் சேர்ப்பு யார் செய்கிறார்கள்? இரண்டு உறுப்பினர்களுக்குள் தகராறு வந்தால் தீர்ப்பு சொல்வது யார்?

கைப்பேசிகளை வாசலில் ஒரு கூடையில் வைப்பது என்றும் முடிவானது. குறிப்பேட்டில் நான் எழுதுவதைக்கூட, பேசியவர்கள் படித்து ஒப்புக்கொண்ட பிறகே வைத்துக்கொள்வது என்று சேர்த்தோம்.

மூன்றாம் அமர்வு

இரண்டு அட்டைக்காரர்களும் வரவில்லை. இளைஞர் வந்தார். வருவாரா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது.

பத்தி பிரிக்கும் வேலை மெதுவாகத்தான் போனது. ஆனால் சண்டை இல்லை. ‘இந்தியா எல்லா இயக்கங்களுக்கும் பயிற்சி கொடுத்தது’ என்பதை முதல் பத்தியில் இளைஞரே எழுதினார். ‘டெலோவுக்கு இந்தியா தனிச் சலுகை காட்டியது’ என்பது எந்தப் பத்தி என்று நீண்ட நேரம் பேசினோம். தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். புலிகளுக்கு நெருக்கமாகவும் கருணாநிதி டெலோவுக்கு நெருக்கமாகவும் இருந்தது முதல் பத்திக்குப் போனது. அந்த இரண்டு வரியையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தபோது, அறையில் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. வெளியிலிருந்து உதவி ஒரே குழாய் வழியாக முன்னணிக்கு வரவில்லை. உறுப்பினர்களுக்குத் தனித்தனியாக வந்தது. ஒவ்வொரு இயக்கத்துக்கும் தனி முகாம், தனி ஆயுதம், தனிக் கஜானா, தனிக் கட்டளை. 1984 நவம்பரில் டெலோ சாவகச்சேரி காவல் நிலையத்தைத் தாக்கியபோது அந்தப் பெயரும் புகழும் ஆள்வரவும் டெலோவுக்கே போயின, முன்னணிக்குப் போகவில்லை. கூட்டுச் சீட்டுக்குக்கூடப் பணம் யார் கையில் இருக்கிறது என்று முதலில் கேட்போமே என்று ஓர் அக்கா சொன்னார். அறை சிரித்தது, ஆனால் விஷயம் அதுதான்.

நான்காவது கேள்விக்குச் சுவர்த்தாளில் ஒன்றும் எழுத முடியவில்லை. தீர்ப்பு சொல்ல யாருமில்லை. தலைவர்கள் கூடிப் பேசினார்கள், அறிக்கை விட்டார்கள், ஒன்றாக நின்று படமும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் ஓர் இயக்கம் இன்னோர் இயக்கத்தின் ஆளைப் பிடித்து வைத்தால், ஒரு கொலைப்பழி விழுந்தால், யாரிடம் போவது? திம்புவில் அவர்கள் ஒன்றுபட்டது எதிரிலிருப்பவரிடம் என்ன கேட்பது என்பதில். தங்களுக்குள் என்ன செய்வது என்பதற்கு அங்கே ஒரு ஏற்பாடும் உருவாகவில்லை. 1985 செப்டம்பர்க் கொலைகளை முன்னணி விசாரித்துத் தீர்க்க முடிந்திருந்தால் பிறகு வந்தது வேறு மாதிரி இருந்திருக்குமா என்று பெண்மணி கேட்டார். யாருக்கும் பதில் தெரியாத கேள்விதான். ஆனால் முந்தைய அமர்வில் இந்தக் கேள்விக்கே இடம் இருக்கவில்லை.

1986 மே 4 அன்று மதுரையில் நடந்த, கருணாநிதியின் ஈழ ஆதரவு அமைப்பான டெசோவின் மாநாடும் தாளில் ஏறியது. வாஜ்பாயும் என்.டி. ராமாராவும் மேடையேறி ஈழத் தமிழருக்கு ஆதரவு சொன்ன நாட்களில்தான் யாழ்ப்பாணத்தில் டெலோ போராளிகளை வீடு வீடாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஓய்வு பெற்ற அதிகாரி அந்த வரியைத் தன் கையாலேயே எழுத வேண்டும் என்று கேட்டு வாங்கி எழுதினார். அந்த மாதத்தோடு தான் பணம் கொடுப்பதை நிறுத்தியதாகச் சொன்னார். இது குறிப்பேட்டில் அவர் ஒப்புதலோடு இருக்கிறது.

இளைஞர் தன் கருத்தை மாற்றிக்கொண்டார் என்று எழுத எனக்கு ஆசைதான். அப்படி நடக்கவில்லை. அமர்வின் முடிவில் அவர், “தாக்குதல் தவறு இல்லை என்றே இன்னமும் நினைக்கிறேன். ஆனால் தவிர்க்க முடியாதது என்று சொல்ல மாட்டேன்” என்றார். பெண்மணி கேட்டுக்கொண்டதாகத் தலையாட்டினார், ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. ஆசிரியை அதை அப்படியே விட்டார்.

அதன் பிறகு

அட்டைக்காரர்களில் ஒருவர் வட்டத்துக்கு மறுபடி வரவேயில்லை. டெலோவில் இருந்தவர், பெண்மணி மூலமாகச் சுவர்த்தாளின் பிரதியைக் கேட்டு வாங்கினார். பெயர் எதுவும் அதில் இல்லாததால் கொடுத்தோம். இரண்டு திருத்தங்களோடு திருப்பி அனுப்பினார். ஒன்று, அவர் கண்ட ஒரு நிகழ்வு வேறு இடத்தில் நடந்தது என்பது. மற்றது நான் எதிர்பார்க்காதது: டெலோவின் உள்மோதலை இரண்டாம் பத்தியில் வைத்திருந்தோம், அதை முதல் பத்திக்கு மாற்றச் சொன்னார். “எங்கட பிழையை நாங்களே மறைக்கக் கூடாது” என்று சொல்லி அனுப்பினாராம். அதற்குப் பிறகு நாவல் அமர்வுகளுக்கு வருகிறார். ஈழம் பற்றிய அமர்வு என்றால் வருவதில்லை.

ஓய்வு பெற்ற அதிகாரி வேறொரு விஷயத்தைக் கொண்டுவந்தார். எண்பதுகளின் நன்கொடை ரசீதுகள், துண்டறிக்கைகள், கடிதங்கள் கொண்ட ஒரு பெட்டி அவர் வீட்டில் இருக்கிறது, வட்டத்துக்குத் தந்துவிடுகிறேன் என்றார். ஆய்வாளர் எவருக்கும் கண் மின்னும் பொருள். வாங்கவில்லை. 130ஜேபி பிரிவு நினைவிருந்தது. எந்த இயக்கத்தின் முத்திரை எந்தத் தாளில் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. வாங்கிப் பிரித்துப் பார்ப்பதே ‘வைத்திருப்பது’ ஆகிவிடலாம். வழக்கறிஞரை அவரோடு நேரடியாகப் பேச வைத்தோம், வட்டம் அதில் தலையிடவில்லை. வரலாற்று ஆர்வலர்கள் சிலர் இதற்காக எங்களைக் கோழைகள் என்றார்கள். பெட்டியைத் தங்கள் வீட்டில் வைத்துக்கொள்ள அவர்களில் யாரும் முன்வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மாற்றியவை

ஒலிப்பதிவுத் தடையும் கைப்பேசிக் கூடையும் இப்போது எந்தப் பொருளாக இருந்தாலும் உண்டு. ஒரே ஆளிடம் ஒரு காலகட்டத்தைத் தொகுத்துப் பேசக் கொடுப்பதை நிறுத்திவிட்டோம். வேறு கருத்துள்ள இரண்டு பேர் சேர்ந்து ஒரே தாளைத் தயாரிக்க வேண்டும். பழைய இயக்கத் தொடர்பு உள்ளவர் யாராவது வருவார் என்று தெரிந்தால், அவரோடு முன்கூட்டியே தனியாகப் பேசி, அவர் எதைக் கேட்க விரும்பவில்லை என்று கேட்டுக்கொள்கிறோம். பொருளை அதற்காக வெட்டுவதில்லை. எந்த அமர்வில் எது வரும் என்று சொல்லிவிடுகிறோம், அவர் முடிவெடுத்துக்கொள்ளலாம்.

பெரிய மாற்றம் வரிசையில். அடுத்து வந்த குழுவோடு முதலில் ஈழத்தை எடுக்கவில்லை. காலடியில் இருக்கும் கோலாலம்பூரையே எடுத்தோம். 1867இல் தொடங்கிய சிலாங்கூர் உள்நாட்டுப் போரில், கெடா இளவரசர் தெங்கு கூடினையும் சீனத் தலைவர் யாப் ஆ லோயையும் எதிர்த்து ஒரு கூட்டணி உருவானது. கிள்ளானை இழந்த ராஜா மஹாடி, சகோதரன் கொலைக்குப் பழிவாங்க அணி மாறிய சையத் மஷோர், சுமத்ராவிலிருந்து வந்த மண்டைலிங் மக்களின் தலைவர்களான சூத்தான் புவாசா, ராஜா அசால், யாப் ஆ லோயோடு பகை கொண்ட சோங் சோங். 1872 ஆகஸ்டில் இவர்கள் கோலாலம்பூரைப் பிடித்தார்கள். புக்கிட் நானாஸில் இருந்த கூடினின் படை சிதறியது, யாப் ஆ லோய் கிள்ளானுக்குத் தப்பினார். 1873 மார்ச்சில் பகாங்கிலிருந்து உதவிப் படை வந்தது, நகரம் கைமாறியது. பிடித்ததை ஓர் ஆண்டுகூட அவர்களால் வைத்துக்கொள்ள முடியவில்லை.

இங்கே யாருக்கும் தாத்தா வழிப் பகை கிடையாது. புக்கிட் நானாஸ் அடிவாரத்திலிருந்து மேடான் பசார் வரை நடந்துகொண்டே அதே நான்கு கேள்விகளைக் கேட்டோம். ஈயச் சுரங்க வரி யாருக்கு, ஆயுதம் எங்கிருந்து வருகிறது, மஹாடி சொன்னால் மஷோர் கேட்பாரா என்று எல்லாரும் சளைக்காமல் வாதாடினார்கள். மூன்று பத்தித் தாளையும் அங்கேயே பழகிக்கொண்டார்கள். முன்னணியின் அமர்வு வந்தபோது கேள்விகள் கைக்குப் பழகியிருந்தன. குரல்கள் அப்போதும் உயர்ந்தன. ஆனால் அமர்வு எதுவும் பாதியில் நிற்கவில்லை.

இந்த வரிசைக்கு ஒரு குறை உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. 1872ஐ முதலில் படித்தவர்கள் 1986ஐயும் வெறும் கணக்காகப் பார்க்கும் ஆபத்து இருக்கிறது. இரண்டாவது குழுவில் ஒருவர், டெலோ அழிக்கப்பட்டதைச் சதுரங்கக் காய் வெட்டிய மாதிரி பேசினார். பெண்மணி அந்த அமர்வில் இருந்தார், தான் கண்டதைச் சொல்லிப் பேச்சைத் திருத்தினார். நேரில் கண்டவர் ஒருவர் இல்லாத குழுவில் இதை எப்படிச் செய்வது என்பதற்கு எங்களிடம் இன்னும் ஏற்பாடு இல்லை. கண்டவர்களின் வாய்மொழியைப் பெயரில்லாமல் எழுத்தில் வாங்கி வைத்து, மூன்றாம் பத்தியில் அதைப் படிக்கலாம் என்று ஆசிரியை சொல்கிறார். பெண்மணி சம்மதித்திருக்கிறார். டெலோவில் இருந்தவரிடம் இன்னும் கேட்கவில்லை.